நான் உன்னிடம் சொன்ன செட்டில் டவுன்

அன்புள்ள கோமு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டதிலிருந்தே நீ நலமில்லை என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ ரொம்ப வேகமாகப் பேசுகிறாய். உனக்கு ஈடுகொடுக்கப் போய் நானும் வாயில் வருகிற ஆங்கிலத்தை எடுத்து வீசிவிடுகிறேன். இந்த வம்பே அப்படி ஒரு வீச்சில்தான் ஆரம்பித்தது. எழுத உட்கார்ந்தால் அந்தத் தைரியம் வராது, எழுத்துக்கூட்ட வேண்டுமே. அதனால்தான் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் கடல் தாண்டி சபா மாநிலத்துக்கு வந்து சேர்வதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். திங்கட்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா என்று பார். "அப்பா, நியூசிலாந்து வேலை வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை அவங்களுக்குச் சொல்லிடறேன். ஈப்போல ஒரு ஆபீஸ் வேலை இருக்கு, அதை எடுத்துக்கறேன். நீங்க சொன்ன மாதிரியே செட்டில் டவுன் ஆயிடறேன். சரியா?" அவ்வளவுதான். நான் பல வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப சந்தோஷமா?" என்றாள். குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

மலை சரிந்து ரோடு மூடினால் பள்ளிக்கூடம் லீவு என்பதற்காக, மழைக்காலத்தில் சாமி படத்துக்கு முன்னால் மண்சரிவுக்கு வேண்டிக்கொண்ட பிள்ளை நீ. நீ வேண்டுவது தெரியாமல் நான் பக்கத்திலேயே நின்று, நான் ஓட்டுகிற தேயிலைக் கொழுந்து லோரி பள்ளத்தில் இறங்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பிள்ளை இன்று மலை சரியாமல் தடுத்து நிறுத்துகிற இஞ்சினியர். குவாந்தானில் கொஞ்ச காலம், மீரியில் கொஞ்ச காலம், இப்போது சபாவில். அங்கே வேலை முடிகிற நேரத்தில், நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் மலையெல்லாம் ரோட்டுக்கு இறங்கி வருகிறதாம், நீ வந்து பார்க்க வேண்டும் என்று உன்னைத் தேடிக் கேட்கிறார்கள். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று நீ எப்படிக் கத்தினாய் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் என் ஒரு வார்த்தைக்காக வேண்டாம் என்று சொல்லப்போகிறாய்.

எங்கே சொன்னேன் என்பது உனக்கே நன்றாக நினைவிருக்கும். ஈப்போவில் சித்தப்பா மகன் கல்யாணப் பந்தி. உன் பெரியத்தை என்னைப் பார்த்து, "என்னண்ணே, ஈப்போல வீட்டை வச்சிக்கிட்டு இன்னமும் மலை மேல போய் அலையறீங்களாமே. எப்பத்தான் ஒரு இடத்துல இருப்பீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் இலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பதில் தெரியாத கேள்வியை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவது பள்ளிக்கூடத்திலேயே நான் தேறிய ஒரே பாடம். உன் பக்கம் திரும்பி, சபையில் எடுபடட்டும் என்று ஆங்கிலத்திலேயே போட்டேன். "அது கிடக்கட்டும். கோமு, நீ எப்ப செட்டில் டவுன் ஆகப்போற?" நீ சிரித்துக்கொண்டே, "அப்பா, எங்க தொழில்ல ஏதாவது செட்டில் ஆகுதுன்னா நாங்க கருவியைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். மண்ணு இறங்குது, கட்டடம் விரிசல் விடப்போகுதுன்னு அர்த்தம்" என்றாய். பந்தியே சிரித்தது. நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடாமல், "விளையாட்டுப் பேச்சு போதும், அப்பாவுக்கு வயசாகுதுல்ல" என்று சேர்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ சிரிக்கவில்லை. பாயசத்தையும் தொடவில்லை. உன் பாயசத்தையும் நான்தான் சாப்பிட்டேன்.

சரி, இவ்வளவு வேலை செய்த அந்த வார்த்தைக்கு அர்த்தம்தான் என்ன என்று இந்த இரண்டு நாளில் யோசித்துப் பார்த்தேன். பேச ஆள் இல்லாத வீட்டில் யோசிக்க நேரம் நிறைய. யோசித்தால் எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் அந்த வார்த்தையை முதலில் கேட்டது மலை ஊரான தானா ராத்தாவில், இடைநிலைப் பள்ளியில். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கீழேயிருந்து வந்த வாத்தியார் வகுப்புக்குள் நுழையும்போதே டஸ்டரால் மேசையில் அடித்து, "செட்டில் டவுன், செட்டில் டவுன்" என்பார். வகுப்பு கப்சிப் ஆகிவிடும். அதனால் அதற்கு "வாயை மூடு" என்று அர்த்தம் என்றும், மரியாதைப்பட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு முடிந்து எஸ்டேட்டில் லோரிக்கு வந்த புதிதில், துரை பங்களாவுக்கு ஒரு சாமான் இறக்கப் போனபோது அவருடைய நாய் என்னைப் பார்த்துக் குரைத்து ஊரைக் கூட்டியது. எனக்குத் தெரிந்த மரியாதையான ஆங்கிலத்தில், "செட்டில் டவுன்" என்றேன். நாய் உட்கார்ந்துவிட்டது. துரை என் முதுகில் தட்டி, நல்ல ஆங்கிலம் என்றார். அந்த வார்த்தையை நான் என் வாழ்க்கையில் சரியாகப் பயன்படுத்தியது அந்த நாயிடம் மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வாயிலிருந்து அது வேறு மாதிரி வந்தது. லீவுப் பிரச்சினையா, செட்டில். லயத்தில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையா, செட்டில். ஆக "முடிந்துபோனது" என்று இன்னொரு அர்த்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்கும் பிறகு கல்யாண வீடுகளில், யார் மகன் செட்டில், யார் மகள் இன்னும் செட்டில் ஆகவில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். வேலை, கல்யாணம், வீடு, வாசலில் நிறுத்த ஒரு காடி, இந்த நாலும் சேர்ந்தால் செட்டில். மூன்று இருந்து ஒன்று குறைந்தாலும் இல்லை. இவ்வளவையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கித்தான் அன்றைக்குப் பந்தியில் உன் இலையில் கொட்டியிருக்கிறேன்.

சந்தேகத்துக்கு சேகரிடமும் கேட்டேன். உனக்குத் தெரியும், மேலே மலையில், திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கிற சேகர். அவர் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற வீட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், அவர் லோரியைத்தான் நான் ஓட்டுகிறேன். சாமந்திக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"சேகரு, செட்டில் டவுன்னா என்னப்பா?"

"ஏண்ணே, யார்கூட தகராறு?"

"தகராறு இல்லப்பா, அர்த்தம் கேட்டேன்."

"செட்டில்னா முடிஞ்சிச்சுன்னு அர்த்தம்லா. லோரி ரிப்பேரு, செட்டில். போலீஸ் கேஸு, செட்டில். ஆளை முடிச்சிட்டாலும் செட்டில்தான்."

"சரி, டவுனு?"

"டவுன்னா மலைக்குக் கீழ. தாப்பா, ஈப்போ."

"அப்ப ஒரு பொண்ணு செட்டில் டவுன் ஆகணும்னு சொன்னா?"

சேகர் கட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பொண்ணை முடிச்சு ஈப்போவுக்கு அனுப்பணும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "யாருண்ணே அப்படிச் சொன்னது? பொல்லாத ஆளா இருப்பான் போலிருக்கே" என்றார். நான் அடுத்த கட்டைத் தூக்கினேன்.

சிரிக்கிறாயா? சிரி. ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜம். எஸ்டேட்டில் எங்களுக்கெல்லாம் செட்டில் ஆவது என்றால் கீழே ஒரு வீடு வாங்குவதுதான். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான். ஓய்வு வந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் ஒவ்வொருவரும் தாப்பாவிலோ ஈப்போவிலோ ஒரு வீட்டை வாங்கிப் போட்டு, அதில் யாரோ ஒருவரைக் குடிவைத்துவிட்டு, நாங்கள் குளிரில் கிடப்போம். நானும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு முறை போய், கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்களா, கூரை ஒழுகுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, குடியிருந்தவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் மேலே ஏறிவிடுவோம். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கிப் பார்த்ததில்லை. சட்டை வாங்கினால்கூடப் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம். சாகிற வரை இருக்கப்போகிற வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்போம் என்று எனக்கும் தோன்றவில்லை, எஸ்டேட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் ஓய்வு பெற்று அங்கே போனோமே, அந்தக் கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம், "நல்லா செட்டில் ஆயிட்டோம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்ன தெரியுமா, அங்கே எங்களுக்குத் தூங்கத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து காற்றாடி இல்லாத வீட்டில் படுத்தவர்கள் நாங்கள். காற்றாடி போட்டால் அது தலையில் விழுந்துவிடும் என்று அம்மா கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். நிறுத்தினால் வேர்வை. கம்பளி இல்லாமல் படுத்தால் ஏதோ திறந்த வெளியில் படுத்த மாதிரி இருக்கிறது என்று கம்பளியையும் விடமாட்டாள். போர்த்தவும் முடியாது, காலடியில் நாய்க்குட்டி மாதிரி வைத்துக்கொண்டு படுப்பாள். முதல் வாரம் துணி ஒரே மணி நேரத்தில் காய்ந்ததற்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரத்திலிருந்து, "காலையிலயே காஞ்சிருச்சு, இனி பொழுதுக்கும் என்ன செய்யறது?" என்று கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நான்கு மணிக்கு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள். பனி இறங்குகிற நேரமாம். ஈப்போவில் எந்தப் பனி இறங்கும்? பக்கத்து வீட்டு ஏர்கோன் தண்ணீர்தான் இறங்கியது.

என் கதை அதைவிடக் கேவலம். மலை ரோட்டிலேயே ஓட்டிப் பழகிய கை. வளைவு வந்தால் ஹார்ன் அடிக்காமல் திரும்ப வராது. ஈப்போவில் எங்கள் வீடு இருந்த குடியிருப்புத் தாமானில் ஒவ்வொரு முக்குக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். முதல் நாள் நாலைந்து வீட்டிலிருந்து ஆட்கள் தட்டோடும் சில்லறையோடும் வெளியே வந்துவிட்டார்கள், ரொட்டிக்காரர் வந்துவிட்டார் என்று. ஒரு மலாய்க் கிழவர் தினமும் என்னைப் பார்த்து, "இன்னைக்கு ரொட்டி இருக்கா?" என்று கேட்பார். நேர் ரோட்டில் விட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். வளைவு இல்லாத ரோட்டில் ஒரு டிரைவருக்கு என்ன வேலை சொல்லு. பின்னாலிருந்த கொஞ்சம் மண்ணில் முட்டைக்கோஸ் நட்டேன். அது எங்களுக்கு முன்னாலேயே வாடியது.

ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வாழ்க்கை முழுதும் தவணை கட்டிய வீடு. பிடிக்கவில்லை என்று யார் முதலில் சொல்வது? அப்போதுதான் சேகர் போன் செய்து, டிரைவர் ஊருக்குப் போய்விட்டான், நாலு நாளைக்கு வந்து உதவ முடியுமா என்று கேட்டார். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நாலு நாள்தானே, நானும் வரேன்" என்று சாமானைக் கட்ட ஆரம்பித்தாள். காடிக்குப் போய்ப் பார்த்தால் பின்சீட்டில் இட்லிக் குண்டான், சாமி படம், தையல் மிஷின், நடுவில் அம்மிக்கல்.

"நாலு நாளைக்கு அம்மி எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும்."

"தையல் மிஷினு?"

"அதுவும் சும்மா இருக்கட்டும். வண்டிய எடுங்க, வெயில் ஏறுது."

நாலு நாள் போய் இப்போது எத்தனையோ மாதம். அந்தப் பழைய டிரைவர் திரும்பி வரவே இல்லை. அவன் வராமல் இருக்க அம்மா கோயிலில் ஏதாவது வேண்டிக்கொண்டாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படி. ஈப்போவில் இருந்த அத்தனை மாதமும் அம்மா யாரோடும் சண்டை போட்டதில்லை. உன் அம்மாவை உனக்குத் தெரியும். லயத்தில் குழாயடி, கோயிலில் பொங்கல் பானை, கடையில் வெங்காயம், எங்கேயும் ஒரு வார்த்தை சொல்லாமல் வரமாட்டாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் குப்பையை எங்கள் கேட்டில் வைத்தால்கூட, பேசாமல் எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அந்தத் தெருவே அவளை அமைதியான அம்மா என்று சொன்னது. நானும், பரவாயில்லை, வயதாகி மனசு பழுத்துவிட்டது, செட்டில் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். திரிங்காப்புக்கு வந்த மறுநாள் சேகரின் வீட்டுக்காரி எங்கள் பக்கத்துக் கம்பியில் துணியைப் போட்டுவிட்டாள். அம்மா போட்ட சத்தத்தில் எதிர் மலையில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யார் இடத்துல யார் துணியைப் போடறது? கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?" வந்து ஒரு நாள்தான் ஆகிறது, அது அவளுடைய இடமாகிவிட்டது. சாயங்காலம் அந்தம்மாவே ஒரு கட்டு வாட்டர்கிரெஸ் கீரையோடு வந்தாள், இவள் சூப் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது, இவள் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஈப்போவில் நான் பார்த்தது வாத்தியார் டஸ்டரால் அடித்ததும் அடங்குமே வகுப்பு, அந்த அமைதி. மனுஷி ஓர் இடத்தில் வேர் பிடிப்பது இதுதான். சொந்தக் குரலில் சத்தம் போடத் தைரியம் வருவது.

இந்த அளவுகோலை வைத்து உன்னைப் பார்த்தேன், கோமு. சபாவிலிருந்து நீ போன் செய்யும்போது முதல் பத்து நிமிஷம் யாரையாவது திட்டுவாய். துளை போடுகிறவன் தப்பான இடத்தில் போட்டான், லோரிக்காரன் மண்ணைக் கொண்டுபோய் ஓடையில் கொட்டினான், மேலாளருக்கு மழை என்றால் என்னவென்றே தெரியாது. போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பேன். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, கன்டெய்னரில் படுத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லாத இடத்தில் இருந்துகொண்டு, அந்த மலை முழுக்க உன்னுடையது மாதிரி நீ கத்துவாய். செவ்வாய்க்கிழமைப் பதிவில் அந்தக் குரல் இல்லை. ஈப்போ வேலையைப் பற்றிச் சொன்னாயே, யாரையும் திட்டவில்லை. "சரியா?" என்று கேட்டாய். என் மகள் என்னிடம் சரியா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. வகுப்பு கப்சிப் ஆனது எனக்குக் கேட்டது. மேசையில் அடித்தது யார் என்றும் தெரிந்தது.

போனில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். அலைச்சல் நின்று, அமைதி வந்து, ஒரு வாழ்க்கையில் நிலைப்பது என்கிற மாதிரி போட்டிருக்கிறது. கல்யாணம், வீடு என்பதும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் நிலைத்துவிட்டேன், அவர்கள் நிலைத்துவிட்டார்கள் என்று நடந்த பிறகு, நடந்தவர்கள் சொல்லிக்கொள்ள அது நல்ல வார்த்தை. எப்போது நிலைக்கப்போகிறாய் என்று இன்னொருவரைப் பார்த்துக் கேட்டால், வாத்தியார் கையில் இருந்த டஸ்டர்தான் அது. மூன்றாம் படிவம் படித்தவன் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதே, உன் ஆங்கிலப் புத்தகங்களில் வேண்டுமானால் சரிபார்த்துக்கொள். எனக்குத் தெரிந்த உபயோகம் இதுதான். நீ என்றைக்காவது, எந்த ஊரிலிருந்தாவது, "அப்பா, நான் செட்டில் ஆயிட்டேன்" என்று நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். நான் இனி கேட்கமாட்டேன். பெரியத்தை கேட்டால், எங்கள் வீட்டில் யாரும் செட்டில் இல்லை, மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஈப்போ வேலை உனக்கே பிடித்திருந்தால் வா. அதற்கும் தடை சொல்லமாட்டேன், வீட்டில் காற்றாடி எல்லாம் நன்றாகச் சுற்றுகிறது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வராதே, ஏனென்றால் நாங்கள் அங்கே இல்லை. எனக்கு வயதாகிறது என்று பந்தியில் சொன்னது உண்மைதான், அது நீ எங்கே இருந்தாலும் ஆகத்தான் போகிறது. நியூசிலாந்து போனால், முதல் வாரம் யாரோடும் நல்ல பெயர் வாங்கப் பார்க்காதே. சமையலுக்குப் பொடிகளை அம்மா அரைத்துத் தருவாள், விமானத்தில் அனுமதிக்கிறார்களா என்று கேட்டுவை. அங்கே யாரையாவது பிடித்துப்போனால் எங்களிடம் சொல், பிடிக்காமல் போனாலும் சொல். மலையை நம்பாதே. அது உனக்குத் தெரியும், இருந்தாலும் அப்பன் சொல்ல வேண்டியதை அப்பன் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மா முடித்துவிட்டாள். வியாழக்கிழமை விடிந்ததும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு லோரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "ஈப்போவுக்குப் பூ இறக்கத்தானே போறீங்க, அப்படியே என்னை பாஸ்போர்ட் எடுக்கற இடத்துல விடுங்க" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. "எதுக்கு?" என்றேன். "எதுக்கா? பொண்ணு போற ஊரைப் பாக்க வேணாமா? அவ போவா. நீங்க எழுதற விதத்துல எழுதுங்க, போவா. உங்களுக்கும் சேத்து எடுத்துக்கங்க, தனியா பிளேன்ல ஏற எனக்குப் பயம்." பக்கத்து ஊர் சித்தியவான்கூட ஒழுங்காகப் பார்க்காத மனுஷி.

குடிநுழைவு ஆபீஸில் படம் எடுத்தது ஒரு மலாய்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "மக்சிக், சிரிக்கக் கூடாது" என்று பெரியம்மா முறை வைத்துச் சொன்னது. அம்மா தலையை ஆட்டினாள், திரும்பவும் சிரித்தாள். அந்தப் பிள்ளை பொறுமையாக மறுபடி சொன்னது. அம்மா கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. "தா போலே லா, என்னால முடியலியே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கே போகிறீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டது. அம்மா மலாயிலேயே நீட்டி முழக்கிச் சொன்னாள். மகள் நியூசிலாந்தில் மலையைப் பார்த்துக்கொள்கிறாள், ரொம்பப் பெரிய மலை, அவள் இல்லையென்றால் அது ரோட்டில் விழுந்துவிடும் என்று. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். இது இன்னும் நடக்காத கதை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் சேர்ந்து தலையை ஆட்டினேன்.

அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். அம்மாவின் பாஸ்போர்ட் இப்போது என் எதிரில் இருக்கிறது. படத்தில் வாயை இறுக்கி மூடியிருக்கிறாள், ஆபீஸ் விதிப்படி. கண் சிரிக்கக் கூடாது என்று விதி இல்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை அவர்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடு. வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாய் என்றால், அதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்து, இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் நீயே சொல். என்னால் முடியாது.

உன் அப்பா